பூனையின் முதுகுத்தண்டில் கட்டி: ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன், அடுத்த ஆறு வாரத்தை யோசித்தீர்களா?

பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டி ஏதோ ஒரு அபார்ட்மென்ட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது மாடி. கணவன், மனைவி இருவருக்கும் ஐ.டி. வேலை, வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. கூடவே ஏழு வயதுப் பூனை ஒன்று. ராத்திரியானால் ஃபிரிட்ஜ் மேல் ஏறி உட்கார்ந்து வீட்டை மேற்பார்வை பார்ப்பதுதான் அதன் வேலை. ஒரு நாள் ஃபிரிட்ஜ் மேல் ஏறவில்லை. அடுத்த வாரம் சோஃபாவில் ஏறவே யோசித்தது. "வயசாயிடுச்சு போல" என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாவது வாரம், பின்னங்கால் பாதம் மடங்கி, அதன் மேல்புறம் தரையில் உரசியபடி நடந்தது. நான்காவது வாரம் வாலைத் தூக்கவில்லை.

காட்சி கற்பனைதான். ஆனா பூனையின் முதுகுத்தண்டில் கட்டி வளரும்போது பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. பூனை வலியை வெளியே காட்டாது. குதிப்பதைக் குறைக்கும், மூலையில் போய்ப் படுக்கும், தடவினால் முதுகை நெளிக்கும், அவ்வளவுதான். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே பாதி தூரம் கடந்திருக்கும்.

அங்கே போனதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமா டாக்டர்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதே அளவுக்கு முக்கியமான இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: ஆபரேஷன் முடிந்து பூனை வீட்டுக்கு வந்த பிறகு, அடுத்த ஆறு வாரம் அதை யார் பார்த்துக்கொள்வது?

முதுகுக்குள் என்ன நடக்கிறது?

பூனைக்குக் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 13, இடுப்புப் பகுதியில் 7 முதுகெலும்புகள். நமக்கு மார்பில் 12, இடுப்பில் 5. அந்த வளைந்து நெளியும் முதுகின் ரகசியம் இதில்தான் கொஞ்சம் இருக்கிறது. எலும்புகளுக்கு நடுவே ஓடும் குழாய்க்குள் தண்டுவடம். மனிதர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடும். பூனைக்கு ஏறக்குறைய வால் தொடங்கும் இடம் வரை நீள்கிறது. ஆக, இடுப்பின் கீழ்ப்பகுதியில் ஏதாவது அழுத்தினாலும் நேராகத் தண்டுவடத்திலேயே கை வைத்த மாதிரி.

குழாயின் சுவர் எலும்பு. உள்ளே வளரும் கட்டி வெளிப்பக்கம் தள்ள முடியாது. மென்மையாக இருக்கும் தண்டுவடத்தைத்தான் நசுக்கும். கட்டி கடலைப்பருப்பு அளவில் இருந்தாலும் பாதிப்பு பெரிதாக இருப்பதற்கு இதுதான் காரணம். மார்பு, இடுப்புப் பகுதியில் வந்தால் பின்னங்கால்கள் போகும். கழுத்தில் வந்தால் நான்கு கால்களும்.

கட்டி என்றால் எல்லாம் ஒரே கட்டி இல்லை. தண்டுவடத்தைப் பாதித்த கட்டிகள் கொண்ட 85 பூனைகளின் பதிவுகளை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, 33 பூனைகளுக்கு இருந்தது லிம்போமா. வெள்ளணுக்களில் உருவாகும் புற்றுநோய் இது. அடுத்தது எலும்பிலேயே தொடங்கும் ஆஸ்டியோசார்கோமா, 14 பூனைகளுக்கு. இவை தவிர தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறையில் வளரும் மெனிஞ்சியோமா, நரம்புகளில் வரும் கட்டிகள் என்று பட்டியல் நீளும். எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் கத்தி எடுப்பதா, மருந்து கொடுப்பதா என்பதே முடிவாகும்.

லிம்போமாவுக்கு இன்னொரு முன்கதை உண்டு. 1964-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் என்ற கால்நடை விஞ்ஞானியும் அவர் குழுவும், ஒரே வீட்டுப் பூனைகளுக்கு அடுத்தடுத்து லிம்போமா வந்ததைப் பின்தொடர்ந்து போய் ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் ஃபெலைன் லுகேமியா வைரஸ், சுருக்கமாக 'ஃபெல்வி'. எச்சில் வழியாகப் பரவும். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வது, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவது, கடித்துச் சண்டை போடுவது, எல்லாமே வழி. மனிதர்களுக்குப் பரவாது. தண்டுவடத்தில் லிம்போமா வந்த இளம் பூனைகள் பலவற்றில் இந்த வைரஸ் இருந்திருக்கிறது. பகலில் வீட்டுக்குள்ளும் ராத்திரி மொட்டை மாடி, காம்பவுண்டு சுவர் என்றும் சுற்றிவிட்டு வரும் பூனைகள் நம் புறநகரில்தான் அதிகம். வழக்கமாகப் போடும் மூன்று நோய்களுக்கான தடுப்பூசியில் ஃபெல்வி சேராது என்பதையும் சொல்லியாக வேண்டும். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள், புதுப் பூனையைச் சேர்க்கும்போதாவது அந்த ரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

கால் இழுத்தாலே கட்டியா?

இல்லை. உண்மையில், கட்டியைவிட அடிக்கடி வரும் காரணங்கள் வேறு இருக்கின்றன. மாடியிலிருந்து விழுந்தது, பைக்கில் அடிபட்டது, நாய் கடித்தது, இவை முதல் சந்தேகங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் பூனை என்றால் எஃப்.ஐ.பி. என்ற நோய், பூனைகளுக்கே உரிய ஒரு கொரோனா வைரஸ் உடம்புக்குள் மாறுவதால் வருவது. ஒரு காலத்தில் வந்தால் மரணம்தான் என்ற நிலை. இப்போது ஆன்டிவைரல் மருந்துகளால் பல பூனைகள் பிழைக்கின்றன. கட்டி என்று முடிவு கட்டிக் கைவிட்டுவிட்டால், குணமாகக்கூடிய ஒரு நோயைத் தவறவிட்டதாகிவிடும்.

அரை மணி நேரம் முன்பு வரை ஓடிய பூனை திடீரெனப் பின்னங்கால்கள் விழுந்து, வலியில் கத்தினால், பாதங்களைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் அது இதயத்திலிருந்து வந்த ரத்தக்கட்டி, காலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். அதில் நிமிடங்கள் முக்கியம். கட்டி பெரும்பாலும் நாள் கணக்கில், வாரக் கணக்கில் மெல்ல வரும். கழுத்து விறைத்துப்போய், தலையைத் திருப்பவே சிரமப்படும் பூனையாக இருந்தால், அது என்ன சாப்பிடுகிறது என்று டாக்டர் கேட்பார். தினமும் ஈரல் மட்டுமே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஏ அளவு மீறி, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கறிக்கடையில் ஈரல் மலிவு என்று வாங்கிப் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஊசியே போடாத பூனைக்குத் திடீரென்று பக்கவாதம் போல வந்து, குணமும் மாறினால், ரேபிஸையும் நினைக்க வேண்டும். வெறும் கையால் தூக்காமல், டவலில் சுற்றிக் கூடையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். கடித்திருந்தாலோ கீறியிருந்தாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனை.

ஒன்றை மட்டும் கொட்டை எழுத்தில் சொல்லலாம்: வலிக்குது போல என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்யாது. ஒரே ஒரு மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையின் இன்னொரு முனை

பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு அரித்திருந்தால் தெரியும். தண்டுவடமும் அதன் உறையும் எக்ஸ்ரேயில் தெரியாது. "எக்ஸ்ரே நார்மல்" என்றால் முதுகில் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் கட்டி எங்கே, எவ்வளவு, உறைக்கு வெளியிலா உள்ளேயா என்று படம் கிடைக்கும். பூனையிடம் "அசையாம படு" என்று சொல்ல முடியாதே. அதனால் ஸ்கேனுக்கே முழு மயக்க மருந்து தேவை.

மேற்குப் புறநகர்க்காரர்களுக்கு இங்கேதான் பயணம் தொடங்குகிறது. பூந்தமல்லியின் பெயரைச் சுமந்துகொண்டு சென்ட்ரல் வரை ஓடும் அந்த நெடுஞ்சாலையிலேயே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் போனால் வேப்பேரி. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு வந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் அங்கே இருக்கின்றன. 1989-ல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குவது. தனியார் கிளினிக்குகளின் பில்லைப் பார்த்துத் திகைத்தவர்கள் கடைசியில் வந்து நிற்கும் வாசல் அதுதான். குமணன்சாவடி சிக்னல், வானகரம், மதுரவாயல், கோயம்பேடு என்று கூடைக்குள் பூனையோடு காலை டிராஃபிக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கழுத்து, முதுகு அசையக் கூடாத நோயாளிக்கு அந்தப் பள்ளம் மேடே ஒரு பரிசோதனை. கூடைக்கு அடியில் அட்டை வைத்து, மேலே தடியான டவல் விரித்து, பூனை வழுக்காமல் சுற்றிலும் துணி அடைத்துக் கொண்டுபோவது கொஞ்சம் உதவும்.

ஸ்டீராய்டு ஊசி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது வீக்கத்தைக் குறைக்கும். பூனை இரண்டு நாளில் எழுந்து நடந்தாலும் நடக்கும். லிம்போமா கட்டி ஸ்டீராய்டுக்கே சுருங்கும் குணம் கொண்டது. அதனால்தான் சிக்கல்: அதன் பிறகு சோதித்தால் புற்றுநோய் அணுக்கள் சிக்காமல் போகலாம், கீமோதெரபிக்கும் கட்டி சரியாக அடங்காமல் போகலாம். அவசரத்தில் டாக்டரே கொடுக்க வேண்டிய நிலை வரும், அது வேறு. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுப்பது, போன முறை மீந்ததைக் கொடுப்பது, இரண்டும் வேண்டாம்.

பரிசோதனையில் டாக்டர் பூனையின் பின்னங்கால் விரலை இறுக்கிக் கிள்ளிப் பார்ப்பார். பார்க்கக் கொடுமையாக இருக்கும். காலை இழுத்துக்கொள்கிறதா என்பதைவிட, திரும்பிப் பார்க்கிறதா, சீறுகிறதா, கத்துகிறதா என்பதுதான் அவருக்கு வேண்டும். அந்த ஆழமான வலி உணர்வு மூளைக்குப் போகிறது என்றால் நம்பிக்கை இருக்கிறது. அதுவே இல்லையென்றால், ஆபரேஷன் செய்தாலும் நடக்கும் வாய்ப்பு மிகவும் குறைந்துவிடும். இந்த ஒரு சோதனையின் பதிலை டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, பத்து யூடியூப் வீடியோ பார்ப்பதற்குச் சமம்.

ஆபரேஷன் எதைக் கொடுக்கும்?

முதுகெலும்பின் மேல்கூரையையோ ஒரு பக்கச் சுவரையோ திறந்து, தண்டுவடத்துக்கு மூச்சுவிட இடம் கொடுத்து, முடிந்த அளவு கட்டியை எடுப்பார்கள். இதன் பெயர் லாமினெக்டமி. மூன்று, நான்கு கிலோ உடம்பில், பென்சில் தடிமன்கூட இல்லாத தண்டுவடத்தின் பக்கத்தில் செய்யும் வேலை. கட்டி உறைக்கு வெளியே தனியாக இருந்தால் பிரித்தெடுக்கலாம். தண்டுவடத்துக்குள்ளேயே வேர் விட்டிருந்தால் துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதோடு நிறுத்த வேண்டியிருக்கும்.

லிம்போமா என்று முன்பே உறுதியானால் வழக்கமாகக் கீமோதெரபி, ரேடியேஷன் பக்கம்தான் போவார்கள். மற்ற கட்டிகளுக்கு ஆபரேஷன் செய்த 26 பூனைகளை அமெரிக்காவில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. மெனிஞ்சியோமா பூனைகள் அதன் பிறகு வாழ்ந்த காலத்தின் நடு மதிப்பு 518 நாள், அதாவது சுமார் 17 மாதம். கொடிய வகைக் கட்டிகளில் அது மூன்றரை மாதத்துக்கு மேல் கொஞ்சம்தான். பூனையின் வயசுக்கு 17 மாதம் பெரிய காலம். மூன்றரை மாதம் என்றால், அதில் ஆறு வாரம் குணமாவதற்கே போய்விடும். கட்டியின் வகை தெரிவதற்கு முன் "எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை" என்று சொல்லிவிட வேண்டாம் என்பது அதனால்தான்.

தியேட்டரை விட்டு வெளியே வந்த பிறகு

மயக்க மருந்தைப் பற்றிப் பலருக்கும் பயம். பயத்துக்கு அளவு தெரிந்தால் நல்லது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை 117 கிளினிக்குகளில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட சுமார் 79,000 பூனைகளைக் கணக்கெடுத்தார்கள். ஆரோக்கியமான பூனைகளில் ஆயிரத்துக்கு ஒன்று இறந்தது. ஏற்கெனவே நோயோடு இருந்தவற்றில் ஆயிரத்துக்கு 14. கவனிக்க வேண்டியது அடுத்த தகவல்: இறந்த பூனைகளில் பாதிக்கு மேல், ஆபரேஷன் முடிந்து தெளியும் நேரத்தில்தான் இறந்திருக்கின்றன, அதிலும் முதல் மூன்று மணி நேரத்தில் அதிகம். "முடிஞ்சுது, கூட்டிட்டுப் போங்க" என்று அன்று சாயங்காலமே அனுப்பும் இடமா, ராத்திரி முழுக்க உடம்புச் சூடும் மூச்சும் பார்க்க ஆள் இருக்கும் இடமா என்று முன்பே கேட்டுவைக்க வேண்டும். முதுகுத்தண்டு ஆபரேஷனுக்கு இது பேரம் பேசக் கூடாத விஷயம்.

மறுநாள் காலை பூனையைப் பார்க்கப் போனால் அதிர்ச்சி காத்திருக்கலாம். முன்பு தள்ளாடியாவது நடந்தது, இப்போது அதுவும் இல்லை. நசுங்கிக் கிடந்த தண்டுவடத்தைத் தொட்டு வேலை செய்ததில் வீக்கம் வரும். சில நாள் நிலைமை மோசமாகத் தெரிந்துவிட்டுப் பிறகு தேறுவது உண்டு. ஆனால் கொஞ்சம் தேறிய பூனை முதல் இரண்டு நாளுக்குள் திடீரென்று மறுபடி விழுந்தால் கதை வேறு. உள்ளே ரத்தம் கசிந்து கட்டியாகித் தண்டுவடத்தை அழுத்தலாம். "காலைல காட்டிக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது.

தையல் போட்ட இடத்தில் தண்ணீர் பலூன் போல மெத்தென்று வீங்குவது அடிக்கடி நடப்பது, பல நேரம் தானாக வடியும். தெளிந்த நீர் சொட்டிக்கொண்டே இருந்தால் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் திரவமாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும். சிவந்து, சூடாகி, சீழ் வாசனை வந்தால் தொற்று. தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள், கழுத்தில் அந்தப் பிளாஸ்டிக் புனலைக் கழற்றக் கூடாது. பாவமாகத்தான் இருக்கும். பூனையின் நாக்கு அரத்தைப் போன்றது. ஒரு ராத்திரி போதும் தையலைப் பிரிக்க.

இதெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்ளும் சிக்கல்கள். வீட்டுக்காரர்களை உட்கார வைத்துவிடும் சிக்கலின் பெயர் சிறுநீர்ப்பை.

பின்னங்காலை ஆட்டும் நரம்புகள் போகும் அதே வழியில்தான் சிறுநீர்ப்பைக்கான உத்தரவும் போகிறது. அது அறுந்தால் பூனைக்கு நிறைந்தது தெரியாது, திறக்கவும் தெரியாது. பை நிறைந்து, தாங்க முடியாமல் சொட்டுச் சொட்டாக வழியும். விரிப்பு ஈரமாக இருப்பதைப் பார்த்து "பரவாயில்ல, யூரின் போகுது" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். நிரம்பி வழியும் தொட்டியில் குழாய் சரியாக இருக்கிறது என்று நினைப்பது போலத்தான் இது. பை விரிந்துகொண்டே போனால் அதன் தசை நிரந்தரமாகத் தொய்ந்துவிடும். தேங்கிய சிறுநீரில் கிருமி வளர்ந்து சிறுநீரகத்துக்கு ஏறும். முழுவதும் அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயமே நின்றுவிடும்.

அதனால் நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை, யாராவது ஒருவர் பூனையின் அடிவயிற்றைக் கையால் மெல்ல அழுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, மாலை ஆறு, ராத்திரி பதினொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. இதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. பை எங்கே இருக்கிறது, எலுமிச்சை அளவா, அதற்கு மேலா என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்க டாக்டரின் கை உங்கள் கைமேல் இருக்க வேண்டும். கல் மாதிரி இறுகியிருக்கும் பையை வேகமாக அமுக்கினால் கிழிந்துவிடும். ஆண் பூனைக்குக் குழாய் குறுகல், இன்னும் கடினம். சில பூனைகளுக்குத் தசையைத் தளர்த்தும் மாத்திரையோ சில நாள் கதீட்டரோ தேவைப்படும். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் டாக்டர் கண்முன்னால் நீங்களே இரண்டு முறை செய்து காட்டுங்கள். வராவிட்டால் வரவில்லை என்று சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாப்பாடு அடுத்த கவலை. நாய் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் தாங்கும். பூனை, அதுவும் கொஞ்சம் குண்டுப் பூனை, சில நாள் சாப்பிடாவிட்டால் உடம்பின் கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து மஞ்சள் காமாலை வந்துவிடும். முதுகு ஆபரேஷன் நன்றாக நடந்து, கல்லீரலால் போன பூனைகள் உண்டு என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். வேகவைத்த மீனை வெதுவெதுப்பாக, வாசனை வரும்படி மூக்கருகே கொண்டுபோவது பல நேரம் வேலை செய்யும். இரண்டு நாளைக்கு மேல் மறுத்தால் டாக்டரிடம் சொல்லி டியூப் வழியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். மலச்சிக்கலும் கூடவே வரும்; கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

படுத்தே இருக்கும் பூனையை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் இடுப்பெலும்பு மேல் புண் வரும். சிறுநீர் பட்ட தோல் வெந்துபோகும். சென்னைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு: ஈ. ஈரமான ரோமத்தில் முட்டையிட்டுவிட்டால் ஒரே நாளில் புழு. எறும்பும் சும்மா இருக்காது. கூண்டுக்குக் கொசுவலை, அடியில் தினமும் மாற்றும் துணி, பின்பக்க ரோமத்தை ஒட்ட வெட்டிவிடுவது, இவை ஆடம்பரமான யோசனைகள் இல்லை.

நான்கு முதல் ஆறு வாரம் கூண்டு ஓய்வு. கூண்டை விட்டு எடுக்கும்போது வழுக்கும் டைல்ஸில் விடாமல் ரப்பர் மேட் விரித்து, வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி, கால்களை மெல்ல மடக்கி நீட்டி உடற்பயிற்சி. லிட்டர் ட்ரேயின் ஒரு பக்க விளிம்பை அறுத்துத் தாழ்வாக்கிவிட்டால், தேறிவரும் பூனை தானே உள்ளே போக முயற்சி செய்யும். அந்த முயற்சி நல்ல அறிகுறி.

வலி இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? முகத்தைப் பாருங்கள். மான்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு 2019-ல் இதற்கு ஒரு அளவுகோலையே வெளியிட்டது. காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை நிற்கும் விதம், இந்த ஐந்துக்கும் மார்க் போட்டு, பத்துக்கு நான்கு வந்தால் வலி மருந்து பற்றி டாக்டரிடம் பேச வேண்டும் என்பது கணக்கு. இதற்கு செல்போன் ஆப்பும் இருக்கிறது.

யார் என்ன செய்ய வேண்டும்?

பூனை வளர்ப்பு பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கமெல்லாம் பெருகிவிட்டது. பெட் ஷாப்புகளும் கூடவே வந்துவிட்டன. வராதது, ஆபரேஷனுக்குப் பிறகான கவனிப்பு கிடைக்கும் இடம். பெரிய சிகிச்சை நகரத்துக்குள் நடப்பதில் தப்பில்லை. அந்தக் கருவியும் அனுபவமும் எல்லாத் தெருவிலும் இருக்க முடியாது. ஆனால் ஒரு சிறுநீர்ப்பையைக் காலி செய்யவும், தையலைப் பார்க்கவும், ஒரு ஊசி போடவும் 20 கிலோமீட்டர் போய்வர வேண்டியிருப்பதுதான் பல குடும்பங்களைப் பாதியில் கைவிட வைக்கும். கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்கள் புறநகரெங்கும் இருக்கின்றன. மாடும் ஆடும்தான் அவற்றின் முதல் பொறுப்பு, 1962 ஆம்புலன்ஸும் கால்நடைகளை மனதில் வைத்துத் தொடங்கியதுதான். மாட்டுத்தொழுவங்கள் குறைந்து மாடிவீடுகள் பெருகிய இந்தப் பகுதிகளிலாவது, வேப்பேரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியைப் பக்கத்து மருந்தகம் தொடர்ந்து பார்க்க ஒரு ஏற்பாடு வேண்டும். புதுக் கட்டடம் தேவையில்லை. ஒரு டிஸ்சார்ஜ் சீட்டும், அதை மதித்துப் பார்க்கும் பழக்கமும் போதும்.

அந்தச் சீட்டு தமிழில் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எத்தனை மணிக்கு ஒருமுறை சிறுநீரை வெளியேற்ற வேண்டும், எந்த அறிகுறி வந்தால் ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும், எது வந்தால் பயப்பட வேண்டாம், இந்த மூன்றும் அதில் இருந்தாலே போதும். அரசு ஆஸ்பத்திரியோ தனியார் கிளினிக்கோ, அதை டிஸ்சார்ஜ் அன்று கொடுப்பதைவிடச் சம்மதக் கையெழுத்து வாங்கும் அன்றே கொடுக்கலாம். படித்துப் பார்த்துவிட்டு "எங்களால முடியாது" என்று ஒரு குடும்பம் சொன்னால் அது தவறான பதில் ஆகாது. வாடகை வீடு, ஷிப்ட் வேலை, கைக்குழந்தை, வயதான அம்மா, இவற்றுக்கு நடுவே நாளைக்கு நான்கு முறை என்பது எல்லாராலும் முடியாது.

முடியாதவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வலி மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்து, இருக்கும் நாட்களை வலி குறைவாக வைத்துக்கொள்வதும் வைத்தியம்தான். ஆழமான வலி உணர்வே போய்விட்ட, கொடிய கட்டி என்று உறுதியான பூனைக்குக் கருணைக் கொலையை டாக்டர் பேச்செடுத்தால், அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் அந்தப் பேச்சைப் பாவம் என்று பார்ப்பவர்கள் அதிகம், அதை மதிக்கலாம். ஆனால் சிறுநீர் தேங்கி, புண் பிடித்து, கூண்டில் கிடக்கும் பூனையை "அது விதி முடியட்டும்" என்று விட்டுவைப்பதை எந்தப் புண்ணியக் கணக்கில் சேர்ப்பது என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முடியும் என்று முடிவெடுப்பவர்கள், ஆபரேஷன் தேதிக்கு முன் ஒரு தாளில் நான்கு நேரத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதிவிடுங்கள். அந்த இரண்டாவது மாடி வீட்டில் காலை ஆறும் ராத்திரி பதினொன்றும் எளிதாக நிரம்பிவிடும். மாலை ஆறுக்கு யார் முதலில் ஆபீஸிலிருந்து வருகிறாரோ அவர். மதியம் பன்னிரண்டுக்கு எதிரே வாரத்தில் மூன்று நாள் காலியாக இருக்கும். கீழ்வீட்டு அக்காவிடம் கேட்பதா, பெட் கிளினிக்கில் பகல் மட்டும் விடுவதா, ஆபீஸில் ஆறு வாரத்துக்கு வீட்டிலிருந்து வேலை கேட்பதா என்பதை அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டும். டாக்டருக்கு போன் செய்வது அதன் பிறகு.